ஏழாவது குழாய்

அரிசி வடித்த கஞ்சி நன்றாக ஆறிய பிறகுதான் அதில் ரைசோபியம் என்கிற நுண்ணுயிர்ப் பொடியைக் கரைக்க வேண்டும். சூட்டோடு கொட்டினால் பொடிக்குள் இருக்கிற உயிர்கள் வெந்து போகும். பிறகு விதையில் ஒட்டுவது வெறும் கரித்தூள்தான். புதூர்ப் பக்கத்தில் ஆடு வளர்க்கிற பெண்களுக்கு எட்டு வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாதிப் பேர் இன்னமும் ஆவி பறக்கத்தான் கரைக்கிறார்கள். பாவம், அவர்களுக்கு அவசரம்.

நடந்ததை மட்டும் எழுதித் தந்தால் போதும் என்றீர்கள், மேடம். இதையெல்லாம் எழுதாமல் நடந்தது விளங்காது. நான் கூடுதலாக நாலு தாள் கேட்டதற்கு ஏட்டையா முகத்தைச் சுளித்தார். அவரிடம் என் மன்னிப்பைச் சொல்லிவிடுங்கள். எனக்கு எதையும் சுருக்கிச் சொல்ல வராது.

என் பெயர் வேதமாணிக்கம். வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. ஒரு விவசாய ஆய்வுக்கூடத்தில் பத்தொன்பது வருடம் தற்காலிக உதவியாளனாக இருந்தேன். தற்காலிகம் என்ற சொல் எவ்வளவு தூரம் இழுபடும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். கண்ணாடிக் குழாய்களைக் கழுவுவதும் ஆவியில் வேகவைப்பதும் என் வேலை. பெரியவர்கள் டீ குடிக்கப் போகும்போது நுண்ணுயிரை ஒரு குழாயிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதும் என் கைக்கு வந்தது. அவர்களைவிட என் கை சுத்தம் என்று அவர்களே சொல்வார்கள். ஒரு நாள், இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

அண்ணன் பெயர் ஆண்ட்ரூஸ். என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர். தீப்பெட்டி ஆபீஸில், குச்சிகளை மருந்தில் முக்குகிற அறையில் முப்பது வருடம் வேலை பார்த்தார். அந்தச் சம்பளத்தில்தான் நான் கோவில்பட்டியில் பிளஸ் டூ வரை படித்தேன். அந்தச் சம்பளத்தில்தான் புதூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி நாலு ஏக்கர் கரிசல் வாங்கி, அதிலேயே ஒரு வீடும் கட்டினார். அவருக்குப் பிள்ளை இல்லை. அவரும், அவர் மனைவி கிருபா மைனியும், நானும்தான் அந்த வீட்டில். பக்கத்து அறையை எனக்குக் கொடுத்தார். குக்கர், பழைய பிரிட்ஜ் ஒன்று, தையல் மிஷின் மோட்டாரை வைத்து நானே செய்த குலுக்கி. இவ்வளவுதான் என் ஆய்வுக்கூடம். ரைசோபியம் வளர்கிற குடுவை நாள் முழுக்க மெதுவாகக் குலுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். சூடும் ஏறக் கூடாது. பிரிட்ஜைக் குளிர்ந்த பெட்டியாக மாற்றி அதற்குள் குலுக்கியை வைத்திருந்தேன்.

உங்களுக்கு இது பழக்கமில்லாத விஷயம் என்பதால் சொல்கிறேன். காற்றில் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன்தான். ஆனால் செடியால் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. ரைசோபியம் வேருக்குள் நுழைந்து, சின்ன முடிச்சாகத் தங்கி, காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். செடி பதிலுக்குச் சர்க்கரை கொடுக்கும். உரம் வாங்கக் கையில் காசில்லாத மண்ணில் பயறும் தீவனமும் விளைவது இதனால்தான். நல்ல முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே ஆட்டு ஈரல் மாதிரிச் சிவந்திருக்கும். வெளுத்திருந்தால் அந்தக் குடித்தனம் சரியில்லை என்று அர்த்தம்.

வேலிமசால் என்று ஒரு செடி. புளிய இலை மாதிரிச் சிற்றிலை, ஆள் உயரம் வளரும், வெட்ட வெட்டத் தழையும். மழையை நம்பிப் பிழைக்கிற எங்கள் பக்கத்தில் ஆட்டுக்கு அதைவிட நல்ல தீவனம் கிடையாது. ஆனால் அதற்கு எல்லா ரைசோபியமும் ஒத்துவராது. பதினான்கு வருடத்துக்கு முன் அண்ணன் யாரோ கொடுத்த விதையை வரப்பு நெடுக ஊன்றினார். எல்லாம் மஞ்சளாக நின்றன. கிழக்கு மூலையில் ஏழெட்டுச் செடி மட்டும் கரும்பச்சையாக வளர்ந்தன. நான் வந்ததும் அதைத் தோண்டிப் பார்த்தேன். வேரில் முடிச்சுகள், உள்ளே நல்ல சிவப்பு. அதிலிருந்து ஏழு குழாய்களில் வளர்த்தேன். ஆறில் பூஞ்சை பிடித்துவிட்டது. ஏழாவது நின்றது. அதற்கு 'வே-7' என்று பெயர் எழுதி ஒட்டினேன். என் வாழ்க்கையில் என் பெயரை நான் எழுதி ஒட்டிய ஒரே பொருள் அதுதான்.

அதைக் கரித்தூளில் கலந்து பொட்டலம் போட்டு ஆட்டுக்காரப் பெண்களுக்குக் கொடுத்தேன். விதையோடு அதைக் கலந்து விதைத்தவர்களுக்கு மசால் வந்தது. சொர்ணத்தாய் என்று ஒருவர், புருஷன் இல்லை, பன்னிரண்டு ஆடு வைத்திருந்தவர், இரண்டே வருடத்தில் முப்பது ஆடு ஆக்கினார். என்னை ரோட்டில் பார்த்தால் தலைச்சுமையை இறக்கிவைத்துவிட்டுக் கும்பிடுவார். ஆய்வுக்கூடத்தில் பத்தொன்பது வருடத்தில் என்னை யாரும் கும்பிட்டதில்லை.

அண்ணனுக்கு மட்டும் இது வேடிக்கையாக இருந்தது. குலுக்கியைத் தொட்டில் என்பார்.

"ஏலே வேதம், தொட்டில் சத்தம் நின்னுட்டே. ஒம் பிள்ள தூங்கிட்டானா?" என்று தன் அறையிலிருந்து சத்தம் கொடுப்பார். மைனி சிரிப்பார். நானும் சிரிப்பேன். எனக்கு அது பிடிக்காது என்று அவர்களுக்குத் தெரியாது.

நாலு வருடத்துக்கு முன் அண்ணனுக்கு மூச்சு இளைக்க ஆரம்பித்தது. நுரையீரல் நார் பாய்ந்துவிட்டது, இனி சரியாகாது, ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மிஷின் ஒன்று வாங்கினோம். அது கரண்டில்தான் ஓடும். அதன் குழாய் எப்போதும் அண்ணன் மூக்கில் இருக்கும். எங்கள் ஊரில் மாதம் ஒரு நாள் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்குக் கரண்டை நிறுத்திவிடுவார்கள். ஐந்து மணி ஆகும் வர. அன்றைக்கு முதல் மூன்று மணி நேரம் மிஷினை இன்வெர்ட்டரில் ஓட்டுவோம். பேட்டரி இறங்கியதும் சின்ன சிலிண்டர் ஒன்றை மாட்டுவோம். இப்படி நாலு வருடமும் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அண்ணனை நான் நன்றாகவே பார்த்துக்கொண்டேன். மைனியைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்.

பிறகு இரண்டு வருடம் மழை இல்லை. நீங்கள் இந்த ஸ்டேஷனுக்கு வந்து எத்தனை மாதம் என்று தெரியவில்லை. போன கோடையைப் பார்த்திருந்தால் நான் எழுத வேண்டியதில்லை. ஆடுகள் பஸ் ஸ்டாப்பில் ஒட்டிய சுவரொட்டியைத் தின்றன. சொர்ணத்தாய் சினை ஆடுகளைக்கூடக் கறிக்கு விற்றார். விற்றுவிட்டு வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்து வெறும் ஆட்டுக்கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு புஞ்சையிலும் மசால் அடியோடு காய்ந்தது. எங்கள் வரப்பில் கிழக்கு மூலையில் மட்டும், கிணற்றுக் கசிவில், ஏழெட்டுச் செடி உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. அந்தப் பயத்தோடுதான் ஒரு வருடமாக எழுந்தேன், சாப்பிட்டேன். குழாயிலேயே திரும்பத் திரும்ப வளர்த்தால் நுண்ணுயிர் நாளாவட்டத்தில் வேலையை மறந்துவிடும். வருடம் ஒரு முறை வேரிலிருந்து புதிதாக எடுத்தாக வேண்டும். அந்த மூலை போனால் வே-7 போயிற்று. வே-7 போனால் நான் பழையபடி குழாய் கழுவுகிறவன்தான்.

ஆடி மாதம் சோலார் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். சுற்றியிருந்த புஞ்சைகளையெல்லாம் குத்தகைக்குப் பேசி முடித்திருந்தார்கள். எங்களுடைய நாலு ஏக்கர் மட்டும் நடுவில் நின்றது. நிலம் அண்ணன் பெயரில். அண்ணன் சரி என்றுவிட்டார். நான் போய்க் கேட்டேன்.

"நான் போன பெறவு கிருபா யார்ட்டலே போய் நிப்பா? வருசா வருசம் அவ கைக்கு ஒரு வரும்படி வந்துட்டு இருக்கும்லா" என்றார்.

"வரப்ப இடிச்சிருவாங்கண்ணே. என் செடி போயிரும்."

"இடிச்சா இடிக்கட்டும். அந்த மண்ண நாலு கூட அள்ளி சொர்ணத்தாய் புஞ்சையில போடு. ஒம் பூச்சி அங்கன போய்ப் பொழச்சிக்கிடும். மருந்து முக்குனவனுக்கே இது தெரியுது, ஒனக்குத் தெரியலயா?"

நான் பொறுமையாக விளக்கினேன். ஒரு கூடை மண்ணில் எத்தனையோ ஆயிரம் வகை உயிர் இருக்கும். நோயும் களையும் கூடவே போகும். வே-7 அதில் எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும். அதைத் தனியாகப் பிரித்துச் சுத்தமாக வளர்ப்பதற்குத்தானே இவ்வளவு பாடு என்றேன்.

"கூட வாரவனும் வரட்டுமேலே. அவனும் மண்ணுதான் திங்கான்" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, மைனி ஓடி வந்து முதுகைத் தடவிவிட்டார். அண்ணன் படிக்காதவர். அவர்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. மறு வாரம் சொர்ணத்தாய் பால் கொடுக்க வந்தபோது அண்ணனே அவரிடம் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது. அவர் நாலு நடையாக வரப்பு மண்ணைத் தலையில் சுமந்து போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தடுக்கவில்லை. சிரித்துக்கொண்டேன்.

கையெழுத்துப் போட ஒரு திங்கட்கிழமை குறித்தார்கள். புரட்டாசியில் அந்தத் திங்கட்கிழமைக்கு முந்திய வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை பெய்தது. சாதாரண மழை இல்லை. இரண்டு வருடக் கடனைச் சேர்த்துத் தீர்த்த மாதிரிப் பெய்தது. பெண்கள் நனைந்துகொண்டே வந்து வாசலில் நின்றார்கள். நாற்பது வீட்டில் விதை தயாராக இருந்தது. ஈரம் காய்வதற்குள் விதைக்க வேண்டும். என்னிடம் பொட்டலம் இல்லை. ஒரே ஒரு குடுவைதான் இருந்தது, அது ஞாயிற்றுக்கிழமைதான் பதத்துக்கு வரும். ஞாயிறு சாயங்காலம் வாருங்கள் என்றேன். அவர்கள் முகத்தில் இருந்ததை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அதைச் சாக்காகச் சொல்கிறேன் என்பீர்கள்.

சனிக்கிழமை பராமரிப்பு நாள். மைனிக்கு அன்று கோவில்பட்டி போய் அண்ணனுக்கு மாத்திரை வாங்க வேண்டியிருந்தது.

"அவியளப் பாத்துக்கிடுங்க தம்பி. பேட்டரி எறங்குனா சிலிண்டர மாட்டிருங்க. ரெண்டு மணிக்குள்ள வந்துருதேன்" என்று சொல்லிவிட்டு எட்டரை பஸ்ஸுக்குப் போனார்.

சிலிண்டர் காலியாக இருந்தது. போன மாதப் பராமரிப்பு நாளிலேயே தீர்ந்துவிட்டது. வியாழக்கிழமை நான் அதை நிரப்பப் போயிருக்க வேண்டும். அன்று குடுவைக்கு வேண்டிய சாமான் வாங்குவதிலேயே நேரம் போய்விட்டது. இரண்டையும் பஸ்ஸில் தூக்கிவர முடியாது. மைனியிடம் சொல்ல மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்றுதான் முதலில் எழுதினேன். இப்போது படித்துப் பார்க்கையில், அவர் செருப்பை மாட்டும்போது எனக்கு அது ஞாபகம் இருந்தது என்று தோன்றுகிறது. சொன்னால் அவர் போயிருக்க மாட்டார்.

ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. மிஷின் இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. மழை பெய்த மறுநாள் கரிசலில் எப்படிப் புழுங்கும் என்று உங்களுக்குத் தெரியும். என் அறையில் வெப்பமானி ஏறிக்கொண்டே போனது. குலுக்கி நின்றுவிட்டது. இன்வெர்ட்டர் ஒன்றைத்தான் தாங்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் அணைந்துவிடும். ஒன்பது ஐம்பதுக்கு நான் அண்ணன் அறைக்குப் போய் மிஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நீளமான ஒயரில் பிரிட்ஜின் பிளக்கைச் சொருகினேன். அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு கையால் செய்கிற வேலை.

மிஷின் சத்தம் நின்றதும் அண்ணன் கண்ணைத் திறந்தார்.

"காத்து வரலயேலே" என்றார்.

"கரண்ட் இல்லண்ணே. வந்துரும்" என்றேன்.

"சரி" என்றார். நான் சொன்னதை நம்பி, பலத்தை மிச்சம் பிடிக்கிற மாதிரி, பேசாமல் படுத்துக்கொண்டார்.

ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது ஒரு விஞ்ஞானி சொன்னது இங்கே பொருந்தும். வேரில் எல்லா முடிச்சும் உழைப்பதில்லை. சில முடிச்சுகள் செடியின் சர்க்கரையைத் தின்றுகொண்டு சும்மா இருக்கும். செடி அதைப் பிடுங்கி எறியாது, நோகடிக்காது. அந்த முடிச்சுக்குப் போகிற ஆக்சிஜனைக் குறைத்துவிடும், அவ்வளவுதான். முடிச்சு தானாக அடங்கிவிடும். மிச்சம் செடி முழுதுக்கும் போய்ச் சேரும். இதில் கொடுமை எதுவும் இல்லை, பகை எதுவும் இல்லை. நாற்பது வீடு, அவர்களுடைய ஆடுகள், அவர்களுடைய பிள்ளைகள் ஒரு பக்கம். நாலு வருடமாகக் கட்டிலில் கிடக்கிற ஒருவர் இன்னொரு பக்கம். அண்ணன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கை வெகு நேரம் சூடாகவே இருந்தது.

நேற்று நீங்கள் யாரோ ஒரு பேராசிரியரிடம் போனில் கேட்டுவிட்டு வந்து சொன்னீர்கள்: ரைசோபியம் இரண்டு மூன்று மணி நேர வெக்கைக்கெல்லாம் சாகாது, வளர்ச்சி கொஞ்சம் தாமதப்படும், அவ்வளவுதான் என்று. அவர் சொன்னது சரி. ஈரத்துணி சுற்றித் தண்ணீர்த் தொட்டியில் வைத்திருந்தாலே போதும். எனக்கு அது தெரியும். பத்தொன்பது வருடம் அதைத்தானே பார்த்தேன். தெரிந்தும் ஏன் என்று கேட்டீர்கள். அதற்குப் பதிலை இன்று எழுதிவிடுகிறேன்.

கரண்ட் ஐந்து மணிக்கு வரவில்லை. பதினொன்று பத்துக்கே வந்துவிட்டது.

இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன் அறையில் மின்விசிறி இன்வெர்ட்டர் இணைப்பில் இல்லை. அது சுற்ற ஆரம்பித்தது. அப்போது அண்ணனுக்கு உதடு நீலமாகியிருந்தது. ஆனால் கண் தெளிவாக இருந்தது. விசிறியைப் பார்த்தார். பிறகு விரலைத் தூக்கி அதைக் காட்டினார். எனக்குத் தெரியவில்லை என்று நினைத்திருப்பார்.

"வந்துட்டுலே" என்றார்.

நான் விசிறியைப் பார்த்தேன். அவருடைய விரலைப் பார்த்தேன். மிஷினின் பிளக் என் கால் பக்கத்தில் கிடந்தது. சுவரில் வேறு பாயிண்டும் இருந்தது. எழுந்திருக்கக்கூட வேண்டாம், குனிந்தாலே போதும். திங்கட்கிழமை அவர் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று நினைத்தேன். வேறு எதுவும் நினைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகு அவர் என்னைத் திட்டவில்லை. விரலை மடக்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அது மட்டும் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பதினொன்றரைக்கு அவர் கை என் கையில் கனத்தது. அதன் பிறகு மிஷினைச் சொருகி, குழாயை அவர் மூக்கில் சரியாக வைத்துவிட்டு, மைனிக்குப் போன் செய்தேன்.

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நோயாளி, நாலு வருட நோயாளி. டாக்டர் வந்து பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அடக்கம் செய்தோம். மைனி என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கூட இருந்தீங்கல்லா தம்பி. அவிய தனியாப் போகல. எனக்கு அது போதும்" என்று அழுதார். நான் சாயங்காலம் அறைக்குள் போய்க் குடுவையை எடுத்தேன். நன்றாக வளர்ந்திருந்தது. நாற்பது பொட்டலம் போட்டேன். துக்க வீட்டில் இதையும் செய்தாரே என்று பெண்கள் கண் கலங்கினார்கள்.

மைனி கையெழுத்துப் போட மாட்டார் என்று நினைத்தேன். அண்ணன் வாங்கிய நிலம், அண்ணன் கட்டிய வீடு. நான் தப்புக் கணக்குப் போட்டுவிட்டேன். நிலத்தை அண்ணன் அவருக்கே உயில் எழுதிவைத்திருந்தார். மூன்றாம் வாரம், "அவிய இல்லாத வீட்டுல என்னால இருக்க முடியல தம்பி. மணியாச்சியில தங்கச்சி வீட்டோட போயிருதேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். வரப்பை இடிக்க ஜேசிபிக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கிழக்கு மூலையில் இப்போது சிமெண்ட் போட்டு இரும்புக் கால் நட்டிருக்கிறார்கள்.

என் பொட்டலம் போட்டவர்கள் புஞ்சையில் மசால் முளைத்தது. ஆனால் மஞ்சளாக முளைத்தது. வேரில் முடிச்சு இல்லை. இருந்த ஒன்றிரண்டும் உள்ளே வெள்ளை. குடுவையில் பெருகியது வே-7தான். மிஞ்சிய செடிகளைத் தோண்டப் பயந்து இரண்டு வருடமாகக் குழாயிலேயே வளர்த்ததில், அது வேலையை மறந்துவிட்டிருந்தது. கஞ்சி சூடாக இருந்திருக்கும் என்று அந்தப் பெண்களைத் திட்டினேன். ஒருவர் மட்டும், இந்தத் தடவை ஆறவைத்துத்தான் கரைத்தோம் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

சொர்ணத்தாய் என்னிடம் பொட்டலம் வாங்கவில்லை. நான் அதைக் கவனிக்கவே இல்லை. போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு செடியை வேரோடு பிடுங்கி ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். கரும்பச்சை. முழங்கால் உயரம். வேர் நிறைய முடிச்சு.

"இங்கன பாருங்க அண்ணாச்சி. பெரியண்ணாச்சி சொன்ன மண்ணுதான். நாலு கூட போட்டேன், போட்ட எடம் பூரா இப்படித்தான் நிக்கி. அவியளுக்குக் காட்டக் குடுத்துவைக்கலயே எனக்கு" என்றார். "எல்லாப் புஞ்சைக்கும் இதுலருந்து ஆளுக்கு ஒரு கூட அள்ளிக் குடுக்கப் போறேன். இனி ஒங்களுக்கும் செரமம் இல்ல பாருங்க."

அவர் முன்னாலேயே ஒரு முடிச்சை நகத்தால் கீறினேன். சிவப்பாக இருந்தது. இரண்டாவதும் சிவப்பு. பத்துப் பதினைந்து கீறியிருப்பேன். "போதும் அண்ணாச்சி, எதுக்குக் கீறிக்கிட்டே இருக்கீங்க?" என்று அவர் என் கையைப் பிடித்தார். நகக்கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கழுவியும் முழுதாகப் போகவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்து உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. எப்படியும் ஒரு நாள் வந்திருப்பேன்.

கேட்டதையெல்லாம் எழுதிவிட்டேன். என் அண்ணன் ஆண்ட்ரூஸை நான்தான் கொன்றேன். மூச்சை நிறுத்தினேன், கரண்ட் வந்த பிறகும் கொடுக்கவில்லை, அவர் விரலைத் தூக்கிக் காட்டிய பிறகும் கொடுக்கவில்லை. இதை எந்த நீதிபதி முன்னாலும் சொல்வேன், பின்வாங்க மாட்டேன். வக்கீல் வேண்டாம். என்ன தண்டனை கொடுத்தாலும் சரி.

ஒரே ஒரு விஷயம். நேற்று உங்கள் எழுத்தர் வாசித்துக் காட்டிய குறிப்பில், 'இறந்தவர் சொன்னபடி வரப்பு மண்ணைப் போட்டதில் பயிர் நன்றாக வந்துள்ளது' என்று ஒரு வரி இருக்கிறது. அதைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். சிவப்பு நிறம் ஒரு நிரூபணம் ஆகாது, மேடம். அது எந்த மண்ணிலிருந்து வந்ததோ, எந்த உயிரோ, பிரித்து வளர்த்து ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு ஒரு அறையும், ஒரு குக்கரும், இருபது நாளும் எனக்கு வேண்டும். ஜெயிலில் கொடுப்பார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள். கொலை செய்தேன் என்று எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். அண்ணன் சொன்னது சரி என்று மட்டும் அதற்குள் யாரும் எழுதிவிட வேண்டாம்.